2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நவராத்திரிக் கொலு மூன்றும் நல்லபடியாக நடந்தேறின. தமிழ் வகுப்பில் ஒரு பிரிவு கூடியிருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பெரும்பகுதியை, அக்டோபர் 19 சனிக்கிழமை நாம் போய்வந்த மேக்கர் ஃபேருக்கே எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். இந்த ஆண்டு நம் சங்கத்தில் ஏதாவது புதிதாக முளைத்தது என்றால் அது அன்றைக்குத்தான்.

வராதவர்களுக்காகச் சில வார்த்தைகள். 'மேக்' என்ற செய்முறைப் பத்திரிகையை 2005இல் தொடங்கிய டேல் டோஹர்ட்டி, அதன் வாசகர்கள் தங்கள் கைவேலையை நேரில் காட்டட்டும் என்று 2006 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் நம் பக்கத்து ஊரான சான் மேட்டியோவில் நடத்தியதுதான் முதல் மேக்கர் ஃபேர். பிறகு ரோம் வரை உலகெங்கும் பல ஊர்களுக்குப் பரவியது. 2019க்குப் பிறகு நம் பகுதியில் சில ஆண்டுகள் விழா இல்லை. 2023 அக்டோபரில் வலேஹோவின் மேர் ஐலண்டில் மறுபடி தொடங்கியது. அந்த இடத்தையும் சொல்ல வேண்டும். 1854 முதல் 1996 வரை அமெரிக்கக் கடற்படையின் கப்பல் கட்டும் தளம் அது. 1918இல் 'வார்ட்' என்ற போர்க்கப்பலை, அடிச்சட்டம் வைத்து வெறும் பதினேழரை நாளில் தண்ணீரில் இறக்கினார்கள். கைவேலைக்குத் திருவிழா எடுக்க அதைவிடப் பொருத்தமான மண் கிடைக்காது.

பயணத்தில் ஒரு சங்கடம். பேசி வைத்திருந்த வேன் வராது என்று முந்தின இரவு ஒன்பது மணிக்குச் சொன்னார்கள். உறுப்பினர்கள் சொந்தக் கார்களை எடுத்து வந்ததால்தான் போக முடிந்தது, அவர்களுக்கு நன்றி. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக் கொடுத்த வீடுகளுக்கும் நன்றி. பெரியவர்களுக்கு நடை அதிகமாகிவிட்டது. அடுத்த முறை மடக்கு நாற்காலிகள் அவசியம்.

ரோபோக்களின் சண்டை, நெருப்புக் கக்கும் இரும்புச் சிற்பங்கள் எல்லாம் பிள்ளைகள் எடுத்த வீடியோவில் இருக்கின்றன. நான் சால்டரிங் மேசையருகே, அதாவது சூடான கம்பியால் ஈயத்தை உருக்கி மின் இணைப்புகளை ஒட்டும் இடத்தில், நின்றதைச் சொல்கிறேன். நம் வகுப்புப் பெண் ஒருத்தி, பதினோரு வயது, முதல் முறையாகச் சூடான கம்பியைக் கையில் பிடித்தாள். ஈயத்தை நேராகக் கம்பி நுனியில் தொட்டாள். அது உருண்டு, மங்கலான குண்டுமணி போலச் சொட்டி நின்றது, பல்பு எரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் திட்டவுமில்லை, பிடுங்கித் தானே செய்யவுமில்லை. "முதலில் இணைப்பைச் சூடாக்கு, மூன்று எண்ணு, பிறகு ஈயத்தை இணைப்பில் தொடு" என்றார். அடுத்தது பளபளவென்று எரிமலை வடிவில் படிந்தது. சிவப்பு விளக்கு எரிந்ததும் அவள் கத்தியது கூடாரம் முழுக்கக் கேட்டது. அந்த மூன்று எண்ணும் பொறுமையை நாம் வீட்டில் பிள்ளைகளுக்குத் தருகிறோமா என்று அங்கேயே நின்று யோசித்தேன்.

இனி முக்கியமான விஷயம். நம் உறுப்பினர் ஒருவரின் அப்பா ஜூலையில் கோவையிலிருந்து வந்திருந்தார். பம்ப்செட் பட்டறையில் நாற்பது வருஷம் டர்னர், அதாவது லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் இரும்பைக் கடைபவர். இங்கே வந்த மூன்று மாதமும் டிவியும் மாலை நடையுமாகப் போயிற்று. நம் கூட்டங்களில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்ததைத் தவிர எனக்கும் வேறு ஞாபகம் இல்லை. அன்று ஒரு கொட்டகையில் சின்ன லேத் ஒன்றை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயா அப்படியே நின்றுவிட்டார். வெட்டும்போது கறகறவென்று சத்தம். இரும்புத் துண்டின் முகத்தில், நடுவே ஒரு சின்ன முளை வெட்டுப்படாமல் நின்றது. பேரன் கையைப் பிடித்து, "கண்ணு, டூலு சென்டருக்குக் கீழ இருக்குது, அடியில ஒரு தகடு வெக்கச் சொல்லு" என்றார். பையனுக்கு இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதற்குள் ஐயா இரண்டு விரலைச் சேர்த்து ஒரு முடியளவு மேலே தூக்கிக் காட்டினார். லேத்தில் இருந்தவருக்கு அதுவே போதுமாக இருந்தது. ஓட்டத்தை நிறுத்தினார், இரும்பை வெட்டும் அந்த டூலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் சொருகினார், மறுபடி ஓட்டினார். சத்தம் அடங்கிற்று. முளை போய், முகம் கண்ணாடியாக வந்தது. அவர் தன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி ஐயாவிடம் நீட்டினார். அடுத்த இரண்டு மணி நேரம் ஐயா எங்களோடு இல்லை. அந்த மேசையில்தான் இருந்தார்.

அதன் தொடர்ச்சியாக நவம்பரில், உறுப்பினர் ஒருவரின் கராஜில் பட்டறை தொடங்கினோம். ஆறு பிள்ளைகள். ரோபோ செய்யப்போகிறோம் என்று வந்தவர்கள் கையில் ஐயா ஆளுக்கொரு அரமும் இரும்புத் துண்டும் கொடுத்தார். நான்கு பக்கமும் அராவி, மூலை செங்கோணமா என்று பார்க்கும் மூலைமட்டம் வைத்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்க வேண்டும். இடுக்கில் கீற்று தெரிந்தால் மறுபடி அராவ வேண்டும். முதல் வாரம் இரண்டு பேர் அழாக்குறை. மூன்றாம் வாரம் யாரையும் கிளப்ப முடியவில்லை. டிசம்பரில் ஐயா ஊருக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும் சனிக்கிழமை மாலை ஏழரைக்கு, அங்கே ஞாயிறு காலை ஒன்பது, வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறார். பிள்ளைகள் துண்டைக் கேமராவுக்குக் காட்டுகிறார்கள். அவர் அரம் ஓடும் சத்தத்தையும் கேட்க வேண்டும் என்கிறார்.

பொதுக்குழுவிடம் இரண்டு கோரிக்கைகள். ஒன்று, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பெஞ்ச் வைஸ், அரங்கள், நான்கு சால்டரிங் கம்பிகள் வாங்க ஒப்புதல். இதுவரை அந்த வீட்டுக்காரரே சொந்தப் பணத்தில் வாங்கிவருகிறார், அது நியாயமில்லை. இரண்டு, அடுத்த மேக்கர் ஃபேரில் நம் சங்கத்தின் பெயரில் ஒரு மேசைக்கு விண்ணப்பிக்க அனுமதி. பூத் தொடுக்கத் தெரிந்தவர்கள், ஓலை முடையத் தெரிந்தவர்கள், ரேடியோ பழுது பார்த்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அடுத்த மாதம் ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவிடம், அவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று தயவுசெய்து கேட்டு எனக்குத் தெரிவியுங்கள்.

பிள்ளைகள் அராவிய ஆறு துண்டுகளும் பதிவேட்டு மேசையில் இருக்கின்றன. மூலைமட்டமும் பக்கத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட வரும்போது, ஒன்றையாவது எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

செயலாளர்