பெந்தகோஸ்து வரைக்கும் நாள் இருக்கிறது

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
2026 மே 6

அன்பு மகனுக்கு,

மெல்பேர்ணிலிருந்து நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. "அம்மா, இங்கே உயிர்த்த ஞாயிறு இலையுதிர் காலத்தில் வருகிறது. உள்ளே அல்லேலூயா பாடுகிறார்கள், வெளியே மரங்கள் காய்ந்துகொண்டு போகின்றன. என் மனமும் அப்படித்தான் கிடக்கிறது. பொய்யாகப் போய் நிற்க விருப்பமில்லை, அதனால் பூசைக்குப் போவதை விட்டுவிட்டேன்" என்று எழுதியிருந்தாய். இதைத் தொலைபேசியில் கதைக்க எனக்கு வரவில்லை. நான் ஒன்று தொடங்க, நீ வேலையைப் பற்றிச் சொல்ல, பேச்சு சாப்பிட்டாயா என்பதில் போய் முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

ராசா, வானிலையும் திருநாளும் பொருந்தித்தான் வரவேண்டும் என்றால் கொழும்பில் ஒருவரும் கிறிஸ்தவராக இருந்திருக்க முடியாது. இங்கே எப்போது வசந்தம் வந்தது? உயிர்த்த ஞாயிறு வருவது வருடத்திலேயே மோசமான புழுக்கத்தில். காற்று அசையாது. பின்னேரம் இடி இடித்து ஒரு பாட்டம் மழை கொட்டும், நிற்கும், பிறகு இன்னும் அதிகமாகப் புழுங்கும். நத்தாருக்குப் பாலன் குடிலின் கூரையில் பஞ்சை ஒட்டிப் பனி என்கிறோம். நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்து மெழுகுதிரி வளையம் குளிர்நாட்டுக்காரர் இருட்டு நாளுக்கு நாள் நீண்டுகொண்டு போகும்போது ஏற்றியது. நமக்கோ வருடம் முழுவதும் ஆறு, ஆறரைக்குள் பொழுது பட்டுவிடும். ஆனாலும் நான்கு ஞாயிறும் ஏற்றினோம். ஊதா மூன்று, ரோசா ஒன்று. அந்த ரோசாத் திரியைத் தான்தான் ஏற்றுவேன் என்று அடம்பிடித்த பிள்ளை நீ.

எனக்குக் காலம் மாறுவதைச் சொன்னது எப்போதும் பீடத்துத் துணிதான். கோவில் துணிகளைத் துவைத்து அழுத்திக் கொடுக்கும் வேலையை உன் அம்மம்மாவிடமிருந்து நான் எடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். பூசையில் பீடத்தின் நடுவில் விரிக்கும் சதுர வெள்ளைத் துணியை முதல் தரம் அலசிய தண்ணீரைக் கானில் ஊற்றுவதில்லை. அதில் நற்கருணையின் துகள் இருக்கலாம். காலடி படாத மண்ணில், நம் வீட்டுச் செம்பரத்தையின் அடியில் ஊற்றுவேன். பிறகு கஞ்சி போட்டு, ஈரம் முற்றாகக் காயுமுன் அழுத்தி, ஒன்பது சதுரம் விழும்படி உள்நோக்கி மடிப்பேன். ஊதா, வெள்ளை, சிவப்பு, பச்சை என்று மற்றத் துணிகள் மாறி மாறி வரும். என் மனநிலை என்ன என்று அவை என்னைக் கேட்டதில்லை.

நீ காய்ந்துபோனேன் என்கிறாய். குருத்தோலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். குருத்தோலை ஞாயிறன்று, மார்ச் 29ஆம் திகதி, கொண்டுவந்த ஓலையைச் சிலுவை வடிவில் மடித்துச் சுவரில் இருக்கும் பாடுபட்ட சுரூபத்தின் பின்னால் செருகினேன். கொண்டுவரும்போது வெளிர்மஞ்சள், கையில் வழுக்கும். இப்போதே நுனி சுருண்டுவிட்டது. இனித் தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் சுவரெல்லாம் ஈரம் கசியும், ஓலையின் மடிப்புகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடிக்கும். துணியால் துடைத்து மறுபடி செருகுவேன். ஒக்டோபர் மழையில் கபில நிறமாகும். ஜனவரி, பெப்ரவரியில் கொழும்பில் கொஞ்சம் வரட்சி வரும் அல்லவா, அப்போது தொட்டால் நரம்போடு உடையும். அந்தச் சமயத்தில்தான் கோவிலில் அறிவிப்பார்கள், பழைய ஓலைகளைக் கொண்டுவாருங்கள் என்று. மண்சட்டியில் போட்டு எரித்து, மெல்லிய துணியில் சலித்தால், ஒரு சாக்கு ஓலைக்கு ஒரு சிறு கிண்ணம் சாம்பல்கூடத் தேறாது. விபூதிப் புதனன்று நெற்றியில் பூசுவது அதுதான். ஓசன்னா பாடிக்கொண்டு நாம் உயர்த்திப் பிடித்த அதே ஓலை.

பச்சை ஓலை பச்சையாகவே இருக்கும் என்று திருச்சபை ஒருநாளும் நினைக்கவில்லை. காய்ந்ததை எறியவும் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு நாளையே குறித்து வைத்திருக்கிறது, அந்த நாளில்தான் தவக்காலத்தைத் தொடங்குகிறது. மனம் காய்ந்திருப்பதைக் காரணம் காட்டி நீ விலகி நிற்கிறாய். அந்தக் காய்ந்த மனத்தோடு வரச்சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள்?

2019 ஏப்ரல் 21, அந்த உயிர்த்த ஞாயிறை நீ மறந்திருக்க மாட்டாய். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபோது நம் வீட்டு யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மூன்று கோவில்கள், மூன்று ஹோட்டல்கள். 250க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போக முடியவில்லை, மக்கள் கூடும் பூசைகளை எல்லாம் நிறுத்திவைத்திருந்தார்கள். கர்தினால் ஆண்டகை ஒப்புக்கொடுத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அப்பா கதிரையில் இருந்தார், நான் நிலத்தில் முழந்தாளில் இருந்தேன். அன்றைய நற்செய்தி எது தெரியுமா? சீடர்கள் பயத்தில் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க, ஆண்டவர் வந்து நடுவில் நின்று சமாதானம் சொன்ன பகுதி. யாரும் அந்த நாளுக்கென்று தெரிந்தெடுக்கவில்லை. உயிர்த்த ஞாயிறு தொடங்கி ஐம்பது நாள் நீளும் பாஸ்காக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு எந்த வருடமும் அதுதான் வாசகம். எத்தனையோ தரம் கேட்டது. அன்று நம் வீட்டுக் கதவும் பூட்டியிருந்தது.

அந்த வாரங்களில் எனக்குச் செபமே வரவில்லை. இறந்தவர்களில் சிலரைக் கோவிலில் முகம் பார்த்துச் சிரித்துப் பழகியவள் நான். நாட்காட்டியோ வெள்ளை என்றது, உயிர்ப்பின் காலம் என்றது. ஐம்பது நாளும் அதையே சொன்னது. முதலில் எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் விளங்கியது: என் மனத்துக்கு ஏற்றபடி அது மாறியிருந்தால் நான் என் இருட்டிலேயே தங்கியிருப்பேன். என்னால் அல்லேலூயா சொல்ல முடியாத நாட்களில் மற்றவர்கள் எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 12ஆம் திகதி, திருநாளுக்கு முதல்நாள், அந்தோனியார் கோவிலைத் திரும்பத் திறந்தார்கள். அந்த வருடத் திருநாளில்தான் எனக்கு அழுகையும் செபமும் ஒன்றாக வந்தன.

அந்த நற்செய்தியின் இரண்டாம் பாதியைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். தோமா. முதல் நாள் அவர் அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னதையும் நம்பவில்லை. ஆனாலும் எட்டு நாள் கழித்து அவர் அவர்களோடுதான் இருந்தார். நம்பிக்கை வந்த பிறகு போகலாம் என்று வெளியே காத்திருக்கவில்லை. நம்பாமலே அந்த வீட்டுக்குள் இருந்தார், ஆண்டவர் அங்கே வந்தார். பொய்யாகப் போய் நிற்க விருப்பமில்லை என்கிறாயே, தோமா நின்றது பொய்யா?

புனித யோசப் வாஸ் அடிகளை நினைத்துப்பார். 2015 ஜனவரி 14ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கியபோது நீயும் எங்களோடு அந்த வெயிலில் நின்றாய். 1696இல் கண்டியில் மழை பொய்த்தபோது அவர் செபித்து மழை பெய்த கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அவருக்குத் தேடிக் கண்டுபிடிக்க இன்னும் கத்தோலிக்கர் இருந்தார்கள் என்பது. ஒல்லாந்தர் குருக்களைத் துரத்தி ஏறக்குறைய முப்பது வருடம் ஆகியிருந்தது. பூசை இல்லை, நற்கருணை இல்லை. வீட்டுக்குள் ஒளித்துச் செபமாலை சொன்னார்கள், தெரிந்த திருநாட்களைத் தெரிந்தபடி அனுசரித்தார்கள். அவர்களுக்கும் மனம் காயாமலா இருந்திருக்கும்?

அப்பாவின் கடைசி வருடத்தையும் நீ அறிய வேண்டும். மெல்பேர்ணிலிருந்து உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அது பொதுக்காலம், பச்சைத் துணி. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வாரம் ஒரே நிறம். திருநாள் எதுவும் பெரிதாக வராத அந்த மழை மாதங்களில், கால் வீங்கிய நிலையிலும், ஒவ்வொரு ஞாயிறும் முச்சக்கரவண்டி பிடித்து வந்தார். பாதி நேரம் பிரசங்கத்தில் நித்திரை. வீட்டுக்கு வந்து "இன்றைக்கு நல்லாக இருந்தது" என்பார். நத்தாருக்கும் பாஸ்குவுக்கும் மட்டும் மனம் புதிதாக வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். புதிதாவது பெரும்பாலும் இந்தப் பச்சை வாரங்களில்தான் நடக்கிறது என்று நான் நம்புகிறேன், நமக்குத் தெரியாமலே. போன நவம்பரில் மாதம்பிட்டி மயானத்தில் அவருடைய கல்லறையில் ஏற்றிய திரியை மழை அணைத்துக்கொண்டே இருந்தது. கையால் மறைத்து மறைத்து ஏற்றினேன். உன் பெயரையும் சொல்லித்தான் செபித்தேன்.

இனி உன் ஊரின் தலைகீழுக்கு வருகிறேன். இந்த முறை பாஸ்கா இரவுப் பூசை முடிந்து உங்கள் ஊர் மக்கள் வீட்டுக்குப் போன அதே இரவில்தான் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்பினார்கள். மறுநாளே பொழுது முந்திச் சாயத் தொடங்கியது. ஜூனில் ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும் என்று நீ முதல் வருடம் பயந்து சொன்னாய். வடக்கே இருப்பவர்களுக்கு உயிர்த்த ஞாயிற்றோடு வெளிச்சமும் தானாக வந்துவிடுகிறது. பூ பூக்கிறது, வெயில் வருகிறது, மனமும் இலகுவாகிறது. அதில் எது உயிர்ப்பின் மகிழ்ச்சி, எது வெயிலின் மகிழ்ச்சி என்று அவர்கள் பிரித்தறிவதே கடினம். உனக்கு அந்தக் குழப்பம் இல்லை. குளிருக்குள்ளும் இருட்டுக்குள்ளும் நீ இறங்கிப் போகும் நேரம் பார்த்து உன் கையில் ஒரு திரியைத் தருகிறார்கள். அதைத் தலைகீழ் என்கிறாயா? எனக்கென்னவோ, உயிர்ப்பைக் கொண்டாட உன் ஊர் பொருத்தமான ஊர் என்றே தோன்றுகிறது.

இங்கே காற்று திரும்பிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில நாளில் காலிமுகத்தில் அலை சுவரைத் தாண்டி அடிக்கும், முகத்துவாரத்துப் படகுகள் கடலுக்குப் போகத் தயங்கும். தூய ஆவி இறங்கிய திருநாளான பெந்தகோஸ்து, பாஸ்காக் காலத்தின் கடைசி நாள், இந்த மாதம் 24ஆம் திகதி. மேல்வீட்டறையைப் பெருங்காற்றின் இரைச்சல் நிறைத்தது என்ற வாசகத்தைக் கொழும்பில் யன்னல்கள் அடித்துக்கொள்ளும் சத்தத்துக்கு நடுவேதான் பல வருடம் கேட்டிருக்கிறோம்.

ஞானோபதேச வகுப்பில் நீ மனப்பாடம் செய்த திருச்சபைக் கட்டளைகளை நினைத்துப்பார். பாஸ்காக் காலத்தில் ஒரு முறையாவது நற்கருணை வாங்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. சிறுவயதில் அது ஒரு சட்டமாகத்தான் எனக்கும் பட்டது. இப்போது அது தாயின் பேச்சாகக் கேட்கிறது: உயிர்த்த ஞாயிறன்று உனக்கு வரமுடியாமல் போனால் பரவாயில்லை, ஐம்பது நாள் கதவைத் திறந்து வைக்கிறேன், அதற்குள் வா.

ஆகவே 24ஆம் திகதி வரைக்கும் நாள் இருக்கிறது. முதலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போ. மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வரும் சுவாமியைப் பற்றி நீயே சொல்லியிருக்கிறாய், அவரிடம் தமிழில் சொல். நீண்ட நாள் போகவில்லை என்று தொடங்கினால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். மனம் காய்ந்திருக்கிறது என்பதையும் அங்கேயே சொல். பூசை எத்தனை மணிக்கு என்று எனக்கு எழுது. அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே ஐந்தரை. அந்த நேரம் நான் எழும்பியிருப்பேன், உன்னோடு சேர்ந்து செபிப்பேன். குளிர்ச்சட்டையை மறக்காமல் போட்டுக்கொண்டு போ, கோவிலுக்குள் வெப்பமூட்டி இருக்காது என்று போன வருடம் முறையிட்டாய்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

அன்புடன்,
அம்மா