தடுப்பூசிச் சான்றிதழ் கேட்டு மியூனிக்கிலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
குழந்தையின் தாய், மியூனிக், ஜெர்மனி
(பெயர், முகவரி இணைப்பில்)

பெறுநர்:
இயக்குநர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, தேனாம்பேட்டை, சென்னை.

பொருள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட தடுப்பூசிகளுக்கு முழு விவரச் சான்றிதழ் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கணவரின் வேலை காரணமாக மியூனிக் நகரில் வசிக்கிறோம். மகள் பிறந்தது தமிழ்நாட்டில். இரண்டு வயது வரைக்குமான தடுப்பூசிகள் எல்லாம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட்டோம். தவணை வரும் புதன்கிழமைக்கு முந்தின நாளே கிராம சுகாதார செவிலியர் போன் செய்து ஞாபகப்படுத்துவார். ஒரு ஊசிகூட விட்டுப்போகவில்லை.

ஜெர்மனியில் 2020 மார்ச் 1 முதல் தட்டம்மைத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு வயது முடிந்த குழந்தைக்குப் பொதுவாகத் தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்குச் சான்று காட்டினால்தான் மழலையர் காப்பகத்தில் சேர்ப்பார்கள். நம் அட்டவணைப்படி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என்று எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி இரண்டும் மகளுக்குப் போட்டாயிற்று. ஆனால் அதை இங்கே நிரூபிக்க முடியவில்லை.

கையில் இருக்கும் தாய் சேய் நல அட்டையில் முதல் தவணைக்கு எதிரே உள்ள மாதம் 3 ஆ, 8 ஆ என்றே தெரியவில்லை. இரண்டாம் தவணைக் கட்டத்தில் ஒரு டிக் மட்டும். மருத்துவ அலுவலரின் கையெழுத்தோ முத்திரையோ எங்கும் இல்லை. இங்குள்ள குழந்தை மருத்துவர் பொறுமையாகத்தான் பார்த்தார். பதிவு இல்லாத ஊசி போடாத ஊசியாகவே கணக்கு, தெளிவான சான்று வந்தால் இங்குள்ள மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்தில் ஏற்றித் தருகிறேன், இல்லையென்றால் மறுபடி போடவேண்டியதுதான் என்றார். கூடுதலாக ஒரு தவணை போட்டால் ஆபத்தில்லை என்றும் சொன்னார். சரி, தட்டம்மைக்குச் சம்மதிக்கலாம். ஆனால் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி), போலியோ என்று ஒவ்வொன்றுக்கும் இதே கேள்விதான் வருகிறது. முறையாகப் போட்டு முடித்த ஊசிகளுக்காகக் குழந்தையை மறுபடி அழவைக்க மனம் ஒப்பவில்லை.

என் மாமனார் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போய்க் கேட்டார். பழைய செவிலியர் மாறுதலாகிப் போய்விட்டார், குழந்தையை அழைத்து வாருங்கள் என்றார்களாம். சான்றிதழ் தருவதற்குப் படிவம் எதுவும் தங்களிடம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அங்கு வேலை செய்பவர்கள்மேல் புகார் சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் போட்ட ஊசிக்கு உரிய மதிப்பு இங்கே கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே, பதிவேட்டைப் பார்த்து, மகளின் பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு தடுப்பூசியின் முழுப் பெயர், போட்ட தேதி ஆகியவற்றோடு, மருத்துவ அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் இட்டு ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழ் வழங்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதை என் மாமனாரிடம் கொடுக்கலாம். ஒப்புதல் கடிதம் இணைத்திருக்கிறேன். அப்புறம், மத்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யு-வின் தளத்திலும் இந்த விவரங்களை ஏற்றினால் இனி நாங்களே பதிவிறக்கிக்கொள்வோம். வெளிநாடு போகும் மற்ற குடும்பங்களும் கேட்டுப் பெறும்படி எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஒரே படிவம் வகுத்துத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இங்கே காப்பக ஆண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. அதற்குள் சான்றிதழ் கைக்குக் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு: தாய் சேய் நல அட்டை நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், ஒப்புதல் கடிதம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)