நெல்லை எக்ஸ்பிரஸில் வந்த அக்காவுக்கு

முதல் வேலைக்குச் சென்னை கிளம்பிய ராத்திரி, கோவில்பட்டி தாண்டியதும் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரலெல்லாம் மரத்துப்போய், செத்தேன் என்றே நினைத்தேன். எதிர் பெர்த் அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "வேகமா மூச்சு வாங்குறதால விரல் மரக்குது தம்பி, மெதுவா வெளிய விடு" என்று சொல்லி நீங்களும் கூடவே விட்டீர்கள். அப்புறம் கண்ணில் படும் 5 பொருளைச் சொல்லச் சொன்னீர்கள். முதலாவதே அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலம், அழுதுவிட்டேன். அழவிட்டீர்களே, அதுதான் பெரிசு. (எங்கள் வீட்டில் என்றால் உடனே சோடா வரும்.) பொட்டலப் பேப்பரில் 14416 என்ற மனநல உதவி எண்ணை எழுதி, எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது என்றீர்கள். இரண்டு தடவை கூப்பிட்டேன். ரொம்ப நன்றி அக்கா. புளியோதரையில் பாதி உங்களுக்குப் போனதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.