பழைய பேஸ் கிடார் விற்பவர்களுக்கு: நெக்கைக் கழற்றிக் காட்டுங்கள்

வணக்கம்.

1950களிலிருந்து 70கள் வரை செய்யப்பட்ட பேஸ் கிடார்களை வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கும், கட்டிலுக்கு அடியில் கிடந்ததை எடுத்து விளம்பரம் போடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பேஸுக்கும் உள்ளே எடுத்த படங்கள், எதெல்லாம் மாற்றப்பட்டது என்று எழுதிய ஒரு பட்டியல், சீரியல் எண், இவை விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். "கேட்டால் அனுப்புகிறோம்" என்பது போதாது, ஏனென்றால் கேட்கத் தெரியாதவர்தான் ஏமாறுகிறார்.

ஃபெண்டர் கிடார் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1951இல் கலிபோர்னியாவில் பிரிசிஷன் என்ற பேஸைக் கொண்டுவந்தபோது, நெக்கை (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) பாடியோடு ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். பழுதானால் நெக்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாசிக்கிறவனுக்கு அது பெரிய வசதி, இன்றைக்கும் நான் அந்த யோசனையை மதிக்கிறேன். ஆனால் அறுபது, எழுபது வருடம் கழித்து அதே வசதியால்தான் ஒரு பேஸின் நெக் ஒரு வருடத்தையும், பாடி இன்னொரு வருடத்தையும், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) மூன்றாவது வருடத்தையும் சேர்ந்ததாக இருக்க முடிகிறது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீங்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போடும் அந்தச் சீரியல் எண்கூட, 1976 வரைக்கும் பெரும்பாலும் நெக்குக்குப் பின்னால் இருக்கிற தகட்டில்தான் அடிக்கப்பட்டது. அந்தத் தகட்டைக் கழற்றி வேறு பேஸில் மாட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அந்த எண்களும் வரிசையாகப் பயன்படுத்தப்படவில்லை. எண்ணை மட்டும் வைத்து "இது 1964" என்று எப்படி எழுதுகிறீர்கள்?

நெக்கைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் தேதி இருக்கும், 50களில் பென்சிலால் எழுதியது, 62 வாக்கிலிருந்து ரப்பர் ஸ்டாம்ப். முன்பக்கத் தகடான பிக்கார்டைத் தூக்கினால் வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகில் ஒரு எண் இருக்கும். உதாரணமாக 1376419 என்றால், 137 என்பது அதைச் செய்த சிடிஎஸ் கம்பெனி, 64 வருடம், 19 அந்த வருடத்தின் பத்தொன்பதாவது வாரம். ஈயம் பற்றவைத்த இடங்கள் பழையதாக மங்கியிருக்கின்றனவா, புதிதாகப் பளபளக்கின்றனவா என்பதும் படத்திலேயே தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. சென்ற வருடம் ஒரு கடையில் 60களின் ஜாஸ் பேஸ் (ஃபெண்டரின் இன்னொரு மாடல்) ஒன்றுக்கு இந்தப் படங்களைக் கேட்டபோது "பழைய ஸ்க்ரூவைத் தொட்டால் மதிப்புக் குறைந்துவிடும்" என்று பதில் வந்தது. சரியான ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பொறுமையாகத் திருகினால் எந்த மதிப்பும் குறையாது. இந்த பேஸ்களில் நெக்குக்குள் ஓடி அதை நேராக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியின் நட்டே பாடிக்குள் புதைந்து கிடக்கிறது. ஒழுங்காகச் செட்டப் செய்த எவரும் அந்த ஸ்க்ரூக்களை ஏற்கெனவே பலமுறை கழற்றியிருப்பார்.

தேதிகள் பொருந்தாவிட்டால் உடனே மோசடி என்று நான் கத்தப்போவதில்லை. 66ஆம் வருடப் பொட்டென்ஷியோமீட்டர்கள் அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து வந்த பேஸ்களிலும் இருக்கின்றன, தொழிற்சாலை நிறைய வாங்கி வைத்துச் செலவழித்தது, அவ்வளவுதான். இதெல்லாம் தெரிந்த வியாபாரி நாலு வரி விளக்கம் எழுதினால் வாங்குகிறவருக்கு நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது. அதே நேரம் 1965 ஜனவரியில் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் ஃபெண்டரை வாங்கியதற்கு முன்னால் செய்தது, பின்னால் செய்தது என்பதில் விலை எப்படி மாறுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் தேதிக்கு இவ்வளவு பணம் இருக்கும்போது அதைப் படமெடுத்துக் காட்டாமல் விற்பது சரியில்லை.

பெயிண்ட் விஷயம் இன்னும் மோசம். ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் ப்ளூ எல்லாம் அந்தக் காலத்துக் கார் பெயிண்ட். அன்று கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்தால் அந்த நிறத்தில் கிடைத்தது, இன்று அதே நிறத்துக்கு வழக்கமான சன்பர்ஸ்டைவிட (நடுவில் வெளிர், ஓரத்தில் கறுத்த நிறம்) பல மடங்கு கேட்கிறார்கள். அதனால் சாதாரண சன்பர்ஸ்ட் பாடியைச் சுரண்டி ஃபியஸ்டா ரெட் அடித்து, கொஞ்சம் தேய்த்து, கொஞ்சம் விரிசல் விட்டு அறுபது வருடப் பழசு என்று விற்கும் வேலை நடக்கிறது. மறுபடி பெயிண்ட் அடித்த பேஸ் பொதுவாக ஒரிஜினலின் பாதி விலைக்குத்தான் போகும் என்பதால் வாயைத் திறக்காமல் இருக்கிறவர்களும் உண்டு. நெக் உட்காரும் குழி, பிக்கப்புக்கு அடியில் இருக்கும் பள்ளம், புற ஊதா விளக்கில் பழைய நைட்ரோ லாக்கர் பூச்சு காட்டும் மஞ்சள் கலந்த ஒளி, இந்த மூன்றையும் படமாகப் போடுங்கள்.

மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புகழ்பெற்ற பேஸ் வாசிப்பாளர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்களே (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகள்) இல்லை, நெக்கின் மேல்பலகையான ஃபிங்கர்போர்டு முழுக்க எபாக்ஸி பிசின் பூசியது, பிற்பாடு உடைந்து துண்டாகி மறுபடி ஒட்டவைக்கப்பட்டது. வியாபாரக் கணக்கில் அது "கெட்டுப்போன" பேஸ். பேஸ் வாசிக்கிற யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். புது ஃப்ரெட் போட்டது, பிக்கப்பின் கம்பி அறுந்து மறுபடி சுற்றியது, இதெல்லாம் ஒரு பேஸ் உழைத்ததற்கான கணக்கு. எழுதுங்கள், அதற்குரிய விலையைக் கேளுங்கள், என்னைப் போன்ற வாசிக்கிற ஆட்களுக்கு அந்த பேஸ்தான் வேண்டும்.

என்னால் பொறுக்கவே முடியாதது பேஸைப் பிரித்து விற்பது. முழுசாக விற்றால் வருவதைவிட பிக்கப் தனி, பிரிட்ஜ் தனி, டியூனர் தனி, பிக்கார்டு தனி என்று விற்றால் அதிகம் வருகிறது என்பதற்காக நன்றாக வாசிக்கக்கூடிய ஒரு பேஸைக் கொன்றுவிடுகிறீர்கள். அந்த உதிரிகள் எங்கே போகின்றன? வேறொரு பேஸுக்குள் போய் உட்கார்ந்து அதை "நூறு சதவீதம் ஒரிஜினல்" ஆக்குகின்றன. ஒரு பொய்க்கு இன்னொரு பேஸ் பலியாகிறது. இந்த வேலையைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அப்புறம், சீரியல் எண்ணை மறைத்துப் படம் போடும் பழக்கம். மோசடிக்காரர்கள் படத்தைத் திருடி வேறு பெயரில் விளம்பரம் போடுகிறார்கள் என்பது உங்கள் காரணம், அது உண்மையும்கூட. கடையின் பெயரும் தேதியும் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள், அந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். எண் வெளியே தெரிவதால்தான் திருட்டுப் பொருள் பிடிபடும். மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 62 பிரிசிஷன், 1983இல் அவர் இறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் திருடு போனது, இன்னும் கிடைக்கவில்லை. 1986இல் நியூயார்க்கில் காணாமல்போன ஜாக்கோவின் பேஸ் வெளியே வர இருபது வருடம் ஆனது. 1972இல் லண்டனில் திருடு போன பீட்டில்ஸ் குழுவின் பால் மக்கார்ட்னியுடைய ஹாஃப்னர் கம்பெனி பேஸ் ஐம்பது வருடத்துக்குப் பிறகுதான் அவர் கைக்குத் திரும்பியது, அதுவும் உலகமே தேடியதால். பெயர் தெரியாத ஒரு கிளப் வாசிப்பாளரின் பேஸ் திருடு போனால் அவருக்கு அந்த எண்ணைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் மரத்தையும் எழுதியே ஆக வேண்டும். 60களின் முதல் பாதியில் வந்த ஃபெண்டர் ஃபிங்கர்போர்டுகளில் பெரும்பாலானவை பிரேசிலியன் ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, 2019இல் மற்ற ரோஸ்வுட் இசைக்கருவிகளுக்குக் கிடைத்த விலக்கு இதற்குக் கிடையாது. உரிய அனுமதி இல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம், பணம் கொடுத்தவர் கைபிசைந்து நிற்பார்.

வாசிக்க வாங்குகிறவர்களுக்காக இன்னும் மூன்று தகவல்: எடை கிலோவில் (70களின் ஆஷ் மர பேஸ்கள் தோளை இழுத்துவிடும்), ஃப்ரெட்டில் மிச்சமிருக்கும் உயரம், டிரஸ் ராட் இன்னும் திரும்புகிறதா இல்லையா. டிரஸ் ராட் இறுகிப்போன பேஸை "அற்புதமான ஆக்‌ஷன்" (கம்பிகளின் உயரம் வாசிக்க வாகாக இருக்கிறது) என்று எழுதாதீர்கள்.

அடுத்து போடப்போகும் விளம்பரத்திலிருந்தே இதைத் தொடங்கலாம். எடுத்த படங்களை அச்சிட்டு பேஸின் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்புங்கள், அடுத்தடுத்து வாங்குகிறவர்களுக்கும் உதவும். பேஸைத் திறந்து பார்க்கவே இல்லை என்றால், திறக்கவில்லை என்று விளம்பரத்தின் முதல் வரியில் எழுதுங்கள், அதற்கு ஏற்ற விலையை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய பேஸ்களை வாங்கி வாசிக்கும் ஒருவன்