ஜூன் மாதத்துக்கு எடுத்து வை

பெரம்பூர்
நவம்பர் 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் வழக்கம்போலத் தண்ணீர், வியாசர்பாடிக்குப் போக வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டுதான் போகிறோம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்தேன். பேரனின் ஞானஸ்நானத்தன்று இங்கே ஏதாவது ஓர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போட வேண்டும், கேக் வெட்ட வேண்டும், அவன் பெயர் போட்ட பேனருக்கு முன்னால் பிள்ளைகளை நிற்க வைத்து போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், 18,000 ரூபாய் போதுமா என்று கேட்டிருந்தாய். அம்மா உடனே கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. போனில் சொன்னால் பாதியில் "ஒரு நிமிஷம்ப்பா" என்பாய், அந்த ஒரு நிமிஷம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை நீளும். அதனால் எழுதுகிறேன். மாடி வீட்டுப் பையன் படம் பிடித்து அனுப்புவான்.

கோபித்துக்கொள்ளாதே. அந்தச் சாப்பாட்டை நான் போடப்போவதில்லை.

நானே அதைச் செய்தவன்தான். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற அந்த டிசம்பரில் அம்மாவையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஓர் இல்லத்துக்குப் பிரியாணி கொண்டுபோனேன். எங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு கம்பெனிக்காரர்கள் கேக் வெட்டிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் இன்னொரு குடும்பம் வரும் என்றார்கள். நாங்கள் பாத்திரத்தை இறக்கியதும் பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து, "அங்கிள், போட்டோ இப்பவா, சாப்ட்ட அப்புறமா?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். அவனுக்கு அது ஒரு வேலை, வேலையை ஒழுங்காகச் செய்கிற பிள்ளை. எனக்கு அன்று ஒரு வாய் இறங்கவில்லை.

சாப்பாடு போடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. இல்லம் நடத்துகிறவர்களுக்கு அரிசியும் பருப்பும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஆனால் எல்லாரும் டிசம்பரிலேயே வருகிறார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டுக்கும் ஷூவுக்கும் ஆள் தேட வேண்டியிருக்கிறது. "இந்த ஊர்ல ஜூன் மாசம் யாரும் பொறக்கறதே இல்லையா சார்?" என்று ஒரு சிஸ்டர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். நீயே ஜனவரிதான், நான் என்ன சொல்வது.

நான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் எங்கே போகிறேன் என்று நீ கேட்டதே இல்லை. உன் சிறு வயதில் "அப்பா சபைக்குப் போயிருக்கார்" என்று சொன்னால் உனக்கு அது ஏதோ ஜெபக்கூட்டம். அது வின்சென்ட் தே பவுல் சபை. 1833-இல் பாரிசில் பிரடெரிக் ஓசனாம் என்கிற இருபது வயது மாணவர் தொடங்கியது. உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் நல்லது செய்திருக்கலாம், இன்றைக்கு ஏழைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கூடப் படித்தவர்கள் ஒரு விவாதத்தில் மடக்கினார்கள். அவரும் ஒரு நண்பரும் குளிருக்கென்று வைத்திருந்த விறகைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் ஏழை வீட்டில் இறக்கினார்கள். ரோசலி என்ற கன்னியாஸ்திரீதான் எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று அந்தப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தார். காசைக் கோயில் உண்டியலில் போட்டிருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுக்கே போனார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

அதே பழக்கம்தான் இன்றும். இரண்டு பேராகப் போக வேண்டும், தனியாகப் போகக் கூடாது. போனால் உட்கார வேண்டும். வாரம் ஒரு கூட்டம், முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வரும். கையை மூடியபடி உள்ளே விட்டு எடுக்க வேண்டும். பெரிய தொகை போட்டது யார், ஒன்றும் போடாதது யார் என்று யாருக்கும் தெரியாது. என் சம்பளத்தில் நம் வீட்டுக்கே இழுத்துக்கோ பறித்துக்கோ என்றிருந்த மாதங்களில் எத்தனையோ தடவை வெறுங்கையை விட்டு எடுத்திருக்கிறேன். அந்தப் பையைக் கண்டுபிடித்தவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

ஆரம்பத்தில் நாங்களும் தப்பாகத்தான் செய்தோம். பூசை முடிந்ததும் கோயில் வராந்தாவில் வரிசையில் நிற்க வைத்து அரிசி கொடுப்போம். பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போவார்கள். அதை நிறுத்தவே பல வருடம் ஆயிற்று.

இப்போது நானும் சபையில் என் கூட்டாளியான கார்டு மாமாவும் போகிற வீடு ஒன்று புளியந்தோப்பு பக்கம். பத்துக்குப் பத்தில் ஓர் அறை. அம்மா ஒரு பெரிய கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை. மூன்று பிள்ளைகள், மூத்தவள் ஒன்பதாவது. கணவர் வீட்டிலேயே இறந்து இரண்டு வருடம். நாங்கள் முதலில் அரிசி, பருப்பு, எண்ணெய் என்றுதான் கொண்டுபோனோம். நாலாவது தடவைதான் அந்தம்மா தகரப் பெட்டியைத் திறந்து காகிதங்களைக் காட்டினார். அதில் இறப்புச் சான்றிதழ் இல்லை. ஒருவரும் பதியவே இல்லை. அது இல்லாமல் விதவைச் சான்று இல்லை, விதவைச் சான்று இல்லாமல் எந்த உதவித்தொகையும் இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் ஆர்.டி.ஓ. என்கிற வருவாய்க் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். அந்தம்மா ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். ஆகவே நாங்கள் போனோம். கார்டு மாமாவுக்கு வரிசையில் நிற்பதென்றால் கோயில் தேர் பார்க்கிற மாதிரி சந்தோஷம். ஏழு நடை. ஏழாவது நடையில் சான்றிதழ் கைக்கு வந்தது.

எதற்காக இவ்வளவு என்று கேட்பாய். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், அப்பா இல்லாத பிள்ளை தன் அம்மாவிடமே இருந்து வளர மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். நகரத்தில் ஆண்டு வருமானம் 96,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். பணம் அரசாங்கத்துடையது, காகிதத்தைச் சேர்த்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. சபை என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் ஜெராக்ஸ் எடுக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் கன்னியர் மடத்துப் பள்ளிகளில் காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்கு சிஸ்டர்கள் சத்தமில்லாமல் ரொட்டி கொடுப்பார்கள். 2025 ஆகஸ்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். தொடங்கி வைத்தது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில். அந்த ரொட்டிச் செலவு மிச்சமானால் அதை வேறு எதற்குத் திருப்புவது என்று இப்போது யோசிக்கலாம். நல்ல பிரச்சினைதான்.

இனி சொல்லப்போவதை நான் உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

நீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த காலம். நாங்கள் பார்த்துவந்த ஒரு வீட்டில் அம்மாவும் எட்டு வயதுப் பையனும். அந்தம்மாவுக்குக் காசநோய், வேலைக்குப் போக முடியவில்லை. பையன் தெருவில் சுற்றுகிறான், கெட்டுப்போவான் என்று எங்களுக்குப் பயம். நகரத்துக்கு வெளியே ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். சொன்னேன் என்ன, வற்புறுத்தினேன். கையெழுத்துக்குப் பதில் அந்தம்மா விரல் ரேகை வைத்தார். இரண்டு மாதத்தில் பையன் அங்கிருந்து ஓடிவிட்டான். நாலு நாள் கழித்து சென்ட்ரல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கிடைத்தான். ஸ்டேஷனில் தனியாகச் சுற்றுகிற பிள்ளைகளைக் கண்டால் கூட உட்கார்ந்து பேசுகிற ஆட்கள் உண்டு, அவர்கள் கண்ணில் பட்டதால் பிழைத்தான்.

நான் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் நின்றபோது அந்தம்மா என்னைத் திட்டவில்லை. "அந்த எடத்துல ஒரு புள்ளைக்கு மாசம் எவ்ளோ செலவாவும் சார்?" என்று கேட்டார். தெரிந்த கணக்கைச் சொன்னேன். "அதுல பாதி எனக்குக் குடுத்திருந்தா நானே வளத்திருப்பேனே" என்றார்.

பாதி வேண்டாம், கால் பங்கு போதும், பாப்பா. வாடகையும் அந்தம்மா மாத்திரை சாப்பிடுகிற மாதங்களுக்கு மட்டும் இரண்டு வேளைச் சோறும்தான் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது. எனக்கு அது தோன்றவில்லை. இல்லம் என்றால் சுவர், கட்டில், மணியடித்தால் சாப்பாடு, அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். இப்போது சட்டமே வேறு மாதிரி சொல்கிறது. 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டப்படி இல்லம் கடைசி வழி, குடும்பம்தான் முதல் வழி. கண்டெடுத்த பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். என்னைப் போல ஒருவர் நல்ல மனசோடு முடிவெடுத்து வேனில் ஏற்றிவிட முடியாது. நல்லதுதான்.

அதற்காக இல்லமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. திரும்பிப் போக வீடே இல்லாத பிள்ளைகள், வீட்டுக்குள்ளேயே அடிபடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு சலேசியத் துறவற சபையின் அன்பு இல்லம் மாதிரி ஓர் இடம் வேண்டும். வியாசர்பாடியில் பீட்டிட்யூட்ஸ் என்று ஒரு சேவை மையம் இருக்கிறதே, உன்னைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போயிருக்கிறேன், மறந்திருப்பாய். இத்தாலியிலிருந்து வந்த மந்தோவானி சாமியார் 1960-களில் தொடங்கியது. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் குடிசை போட்டிருந்த காலம் அது. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் எங்கள் வயசுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் போன தடவை வந்தபோது, மதம் மாற்றத்தானே போகிறீர்கள் என்று கேட்டார். சிரித்துவிட்டு விட்டேன். நாங்கள் போகிற ஒன்பது வீடுகளில் கத்தோலிக்க வீடு இரண்டு. மற்றதில் ஆறு இந்து வீடு, ஒன்று முஸ்லிம் வீடு. ஆடி மாதம் போனால் கூழ் ஊற்றுவார்கள், குடித்துவிட்டுத்தான் வருவோம். வாங்கிக்கொள்ளத் தெரியாதவன் கொடுக்கப் போகக் கூடாது என்று கார்டு மாமா சொல்வார். கூழுக்கு நெத்திலிக் கருவாடு இருந்தால் அவர் இரண்டு வீட்டில் குடிப்பார்.

எங்கள் பெரிய கவலை வேறு. சபையில் எல்லாரிலும் இளையவருக்கு வயது 58. படியேற முடியாதவர்கள் அதிகமாகிவிட்டார்கள். இதற்கிடையில் நாங்கள் பார்த்துவந்த குடும்பங்களைத் தூக்கி, நகரத்தின் தெற்குக் கோடியில் இருக்கிற பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்பில் போட்டுவிட்டார்கள். கூவம் ஓரத்திலிருந்து ஒரே ராத்திரியில் போன வீடுகள் உண்டு. வருடத்தின் நடுவில் போனால் பிள்ளையின் பள்ளிக்கூடம் என்ன ஆகும்? பத்தாவது படித்த ஒரு பெண் பரிட்சை முடியும்வரை விடியற்காலையில் எழுந்து இரண்டு பஸ் மாறி இங்கே வந்து படித்தாள். பஸ் பாஸ் இலவசம், ஆனால் தூக்கத்துக்கு யார் பாஸ் கொடுப்பார்கள்.

சரி, உன் 18,000-க்கு வருகிறேன். மொத்தமாக அனுப்பாதே. மாதம் 1,500 என்று பன்னிரண்டு மாதம் அனுப்பு. புளியந்தோப்பு வீட்டு வாடகைக்கு அரசாங்கப் பணம் வரும்வரை அது போகும். வந்த பிறகு மிச்சத்தை ஜூனுக்கு எடுத்து வைப்போம். மூத்தவள் அப்போது பத்தாவது. உன் கணக்கிலிருந்தே அனுப்பு, மாப்பிள்ளை கணக்கிலிருந்து வேண்டாம். நீ இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறாய். அவர் ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டதால் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், ஒரு பங்குக் கோயிலைச் சேர்ந்த எங்களைப் போன்ற சபைக்கு அது கிடையாது. சட்டத்தை மீறிய தர்மம் வேண்டாம். அவருக்கும் கொடுக்க ஆசையென்றால் பதிவு உள்ள பெரிய நிறுவனமாகப் பார்த்துக் கொடுக்கட்டும், நான் விசாரித்துச் சொல்கிறேன்.

போட்டோ கிடையாது. அந்தப் பெண்ணின் பெயரையும் எழுத மாட்டேன். அவளுக்கும் உன் பெயர் தெரியாது. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 71 வாங்கியிருக்கிறாள், அதை மட்டும் சொல்லலாம்.

அப்புறம், போன பார்சலில் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று கம்பளிச் சட்டைகள் அனுப்பியிருந்தாயே, பெரம்பூரில் அதை யார் போடுவார்கள்? ஒரு வீட்டில் அதை மடித்துச் சுடுபாத்திரம் இறக்க வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பிடிக்கிறதாம். இந்தத் தடவை பெட்டியில் இடம் இருந்தால் அம்மாவின் முட்டிக்குத் தடவும் அந்தத் தைலத்தை இரண்டாக வை. ஒன்று கார்டு மாமாவுக்கு.

அன்புடன்
அப்பா