அரசுப் பணத்தில் செய்த கருவியின் வரைபடம் ஊருக்குக் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சாக்கோட்டை, கானாடுகாத்தான் பக்கமிருந்து விவசாயிகள் மொபைல் ஸ்டார்ட்டரையும் (போன் மூலம் பம்ப் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெட்டி) ரிப்பேருக்குக் கொண்டு வருகிறார்கள். பெட்டியைத் திறந்தால் போர்டு முழுக்கக் கறுப்புப் பசை ஊற்றியிருக்கும். ஈரம் புகாமல் இருக்கட்டும் என்று ஊற்றினால் சரி. ஆனால் பசையைச் சுரண்டிப் பார்த்தால், ஐசி என்ற சில்லு மேலிருக்கும் நம்பரையும் தேய்த்து அழித்திருக்கிறார்கள். அது எதற்கு? பெரும்பாலும் போயிருப்பது ஒரு ரிலேதான், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். பாயிண்ட் கருகி ஒட்டிக்கொண்டிருக்கும். ரிலே விலை நூறு ரூபாய்கூட வராது. எந்தச் சாமான் எங்கே போகிறது என்று தெரியாததால், சில ஆயிரம் கொடுத்துப் புது போர்டு வாங்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயிர் காயும்போது அவர் வேறென்ன செய்வார்?

இப்படி ஒளிக்காமல் வரைபடத்தைத் திறந்து கொடுத்தவர்களும் உண்டு. 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் மாணவர்களுக்காக உருவான, ஆர்டுயினோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டின் சர்க்யூட்டை அப்படியே வெளியிட்டார்கள். யாரும் அதைச் செய்து விற்கலாம், அந்தப் பெயரை மட்டும் போடக் கூடாது. அதே ஆண்டு இங்கிலாந்தில், பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ரெப்ராப் என்ற முப்பரிமாண பிரிண்டர் வேலையைத் தொடங்கினார். வரைபடம் திறந்து கிடந்ததால் பல நாட்டுக்காரர்கள் திருத்திக்கொண்டே வந்தார்கள். 2009-ல் இந்த அச்சு முறைக்கு இருந்த முக்கியமான காப்புரிமை ஒன்றும் முடிந்தது. லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்ற மெஷின் இன்று இருபதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது.

எல்லோரும் செய்தால் யாருக்குப் பிழைப்பு என்று கேட்பார்கள். ஆத்தங்குடிக்குப் போய்ப் பாருங்கள். டைல்ஸ் செய்யக் கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்ட் ஊற்றுவது அங்கே யாருக்கும் ரகசியம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பட்டறைக்கும் ஆர்டர் வருகிறது. கை சுத்தத்துக்கும் சொன்ன தேதிக்கும்தான் காசு.

வள்ளல் அழகப்பர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நம் ஊருக்கு வந்தது. பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. பொதுவாகக் கல்லூரிகளில் கடைசி வருட ப்ராஜெக்ட் மார்க் போட்டதும் அலமாரிக்குப் போய்விடுகிறது. அரசுப் பணம் செலவான ஒவ்வொரு கருவிக்கும் சர்க்யூட், போர்டு ஃபைல் (போர்டைத் தயாரிக்கத் தேவையான கம்ப்யூட்டர் வரைபடம்), சாமான் பட்டியல் மூன்றையும் வெளியிட வேண்டும் என்று அரசு உத்தரவு போடட்டும். வரைய கிகேட் மென்பொருள் இலவசம். வரைபடத்தை யார், எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்துக்கு, ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு மையம் 2011-ல் கொண்டுவந்தது இருக்கிறது. அதில் கண்டிப்பான வகையை எடுத்துக்கொண்டால், போர்டைத் திருத்தி விற்பவர் தன் திருத்தத்தையும் வெளியிட்டாக வேண்டும். அப்புறம் அந்தப் போர்டில் நம்பரை அழித்தும் பயனில்லை.

முதலில் மொபைல் ஸ்டார்ட்டரையே எடுக்கலாம். மாணவர்கள் போர்டு போட்டுக் கொண்டு வந்தால், த்ரீ பேஸ் லைனில் மோட்டாரோடு ஓட்டிப் பார்க்க என் கடையில் எல்லா வசதியும் இருக்கிறது.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி,
காரைக்குடி.