கருவூலத்துக்கும் வேண்டும் தன்னடக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுக்கடைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும் கட்டுரைகளையும் தொடர்ந்து படித்துவருகிறேன். பெரும்பாலானவை குடிப்பவரைப் பற்றியே பேசுகின்றன. அவர் தம்மை அடக்கிக்கொள்ள வேண்டும், குடும்பத்தை நினைக்க வேண்டும், உடல்நலத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுரை சொல்கின்றன. அவற்றில் தவறொன்றுமில்லை. ஆனால் அந்தக் கடையைத் தானே நடத்தி, அதன் வருவாயை எதிர்பார்த்து ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வகுக்கும் அரசை அதே அளவுகோலால் யாரும் அளந்து பார்ப்பதில்லை. தன்னடக்கம் என்பது தனிமனிதரின் சொந்த விவகாரம், அரசின் விவகாரம் வருவாயும் சட்டம் ஒழுங்கும் மட்டுமே என்ற பிரிவினையை நாம் எப்படியோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். அறவியலின் நெடிய மரபு இப்பிரிவினைக்கு இடம் தரவில்லை என்பதை எடுத்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

விவேகம், துணிவு, தன்னடக்கம், நீதி ஆகிய நான்கையும் தலையாய நற்பண்புகளாக வைத்து, நல்ல நகரம் எப்படி இருக்கும் என்று ஆராய்ந்தவர் கிரேக்க அறிஞர் பிளேட்டோ. தமது 'குடியரசு' நூலின் நான்காம் பகுதியில் அவர் சொல்லும் ஒரு செய்தி நமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. நகரத்தின் விவேகம் ஆள்கின்ற சிலரிடம் இருந்தால் போதும். துணிவு காவல் வீரர்களிடம் இருந்தால் போதும். தன்னடக்கம் மட்டும் அப்படிப்பட்டதன்று, அது ஆள்வோர், ஆளப்படுவோர் எல்லோரிடமும் பரவி, ஒரே பண்ணில் இசைந்து ஒலிக்க வேண்டும் என்கிறார் அவர். அதாவது, குடிமக்களிடம் அடக்கத்தைக் கேட்டுவிட்டு ஆள்வோர் தாம் விலகி நிற்கும் நகரத்தில் அந்தப் பண்பே இல்லை என்று பொருள்.

இந்த நான்கையும் பின்னர் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ தம் மக்களின் கடமையுணர்வோடு இணைத்தார். நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் கிறித்தவ மரபுக்குள் கொண்டுவந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் விரிவாக ஆராய்ந்தார். அக்குவினாஸ் தன்னடக்கத்தை நான்கில் தாழ்ந்த இடத்தில் வைத்தார். நீதியும் துணிவும் பலரது நன்மையைக் காப்பவை, தன்னடக்கமோ ஒருவர் தம் ஆசைகளை ஒழுங்குசெய்துகொள்வது என்பது அவர் காட்டிய காரணம். அவ்வளவு பெரிய சிந்தனையாளரோடு மாறுபடத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஒரு மாநிலத்தின் கருவூலமே ஒரு பழக்கத்துக்கு ஆட்பட்டுவிடும்போது, அங்கே தன்னடக்கம் பலரது நன்மையைப் பற்றிய கேள்வியாகவே ஆகிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இவர்கள் எல்லோரையும்விட, பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் நமது நிலையை நுட்பமாக விளக்குகிறார். ஆசை எழுந்தும் அதனோடு போராடி அடக்கிக்கொள்பவர் ஒருவகை. அளவோடு இருப்பதிலேயே மகிழ்ச்சி காணுமளவுக்குப் பழகிவிட்டவர் இன்னொருவகை; இவரே தன்னடக்கம் உடையவர். நல்லது எது என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அதன்படி நடக்க இயலாமல் ஆசைக்குத் தோற்றுப்போகிறவரும் உண்டு. இப்படித் தோற்றுப்போகிறவரைச் சொல்லும்போது, சரியான தீர்மானங்களையெல்லாம் நிறைவேற்றி, நல்ல சட்டங்களையும் வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றையும் பயன்படுத்தாத நகரத்துக்கு அவரை ஒப்பிடுகிறார் அரிஸ்டாட்டில். இதைப் படிக்கும்போதெல்லாம் இந்திய அரசமைப்பின் 47-ஆவது பிரிவு என் நினைவுக்கு வருகிறது. மருத்துவத் தேவைக்கு அல்லாமல், உடல்நலத்துக்குக் கேடான போதைப் பானங்களை உட்கொள்வதைத் தடைசெய்ய அரசு முயல வேண்டும் என்று அது வழிகாட்டுகிறது. நீதிமன்றத்தின் வழியே கட்டாயப்படுத்த முடியாத வழிகாட்டு நெறிதான் அது. ஆனால் கட்டாயம் இல்லாத இடத்தில்தானே ஒருவரது பண்பு தெரியவரும்?

திருவள்ளுவரின் அதிகார வைப்புமுறையும் இங்கே கருதத்தக்கது. அடக்கமுடைமையை அறத்துப்பாலில் வைத்த அவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். அரசு, அமைச்சு, பொருள், படை, நட்பு ஆகியவற்றைப் பேசும் பகுதியில், சூதுக்கு முன்னதாக அது நிற்கிறது. சூதை அடுத்து, அளவறிந்து உண்பதைச் சொல்லும் 'மருந்து' வருகிறது. குடியை அவர் ஒருவரது தனிப்பட்ட பலவீனமாக மட்டும் பார்த்திருந்தால் அதற்கு வேறிடம் கொடுத்திருப்பார் என்றே நம்புகிறேன்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். நான் வாழும் சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு மதுவிலக்கைத் தொடங்கியது. அந்த நடவடிக்கையை ஒருவரது பிடிவாதம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதன் பின்னிருந்த ஏற்பாடுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதலில் ஒரே மாவட்டத்தில் தொடங்கி, பின்பு ஒவ்வொரு மாவட்டமாக விரிவுபடுத்தினார்கள். கள்ளிறக்கிப் பிழைத்தவர்கள் பதநீர் இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் வழிசெய்தார்கள். மிச்சப்படும் கூலி வீட்டில் தங்கும்படி சிக்கனச் சங்கங்களை ஊக்குவித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இழக்கப்போகும் கலால் வருவாயை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரியைச் சட்டமாக்கினார்கள். வணிகர்களின் கடும் எதிர்ப்பை மீறி வந்த அந்த வரியே பிற்காலத்தில் மாநிலங்களின் முதன்மையான வருவாயாக வளர்ந்தது. தன்னடக்கத்தை நாடிய ஓர் அரசு, விவேகத்தைத் துணையாகக் கொண்டு, துணிவோடு நடந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நமது வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதற்கும் முன்பு, 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, பெரியார் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலுக்குத் தலைமை ஏற்றார்கள். பிறரைக் குடியை விடச் சொல்வதற்கு முன்னால், பெரியார் தமக்கு வரும் வருவாயைத் தாமே துறந்த செயல் அது. அரசியலில் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற ராஜாஜி, பெரியார் இருவரும் இந்த ஒன்றில் ஒரே பாதையில் நடந்தார்கள் என்பது இன்றைய கட்சியினர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

போர்க்காலத்தில் தடைப்பட்ட மதுவிலக்கு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் அது நிறுத்திவைக்கப்பட்டது. மதுவிலக்கைப் புதிதாகக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு மட்டுமே மத்திய அரசு உதவி தருகிறது, ஏற்கெனவே நடைமுறைப்படுத்திவரும் மாநிலத்துக்குத் தர மறுக்கிறது என்பதை அன்றைய அரசு காரணமாகச் சொன்னது. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. தொண்ணூற்றிரண்டு வயதில், கொட்டும் மழையில், முதல்வர் கருணாநிதியின் இல்லத்துக்கே சென்று ராஜாஜி மன்றாடியும் முடிவு மாறவில்லை. சில ஆண்டுகளில் கடைகள் மீண்டும் மூடப்பட்டன, 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறக்கப்பட்டன. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 2003-ல் சில்லறை விற்பனையையும் அதுவே எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டோடு, ஒழுங்குபடுத்துபவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்ற இடைவெளியும் மறைந்தது. 2023-24 நிதியாண்டில் மது விற்பனை வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

ஆசைக்கு ஊட்ட ஊட்ட அது வளரும், வளர்ந்தபின் கணக்கிடும் அறிவையே வெளியேற்றிவிடும் என்பது அரிஸ்டாட்டில் சொன்ன மற்றொரு எச்சரிக்கை. ஓர் அரசின் கருவூலத்திலும் இது நடக்கும் என்பதற்கு நமது அனுபவமே சாட்சி. 2016-ல் 500 கடைகள் மூடப்பட்டன. விற்பனை நேரமும் இரண்டு மணி நேரம் குறைக்கப்பட்டது. 2017-ல் மேலும் 500 கடைகளும், 2023-ல் இன்னொரு 500 கடைகளும் மூடப்பட்டன. 2016-ல் 6,800-ஐ ஒட்டியிருந்த கடைகளின் எண்ணிக்கை, இவற்றாலும் வேறு மூடல்களாலும் 2023-ல் ஏறத்தாழ 4,800 ஆகக் குறைந்தது. வருவாயோ குறையவில்லை, ஏறியபடியே சென்றது. விலையேற்றமும் வரியுயர்வும் இதில் ஒரு பகுதியை விளக்கும் என்பது உண்மையே. இருப்பினும், மூடிய கடைகளை எண்ணிக் காட்டுவது அடக்கத்தின் அளவாகாது. அந்தப் பணத்தை நம்பியிருப்பது எவ்வளவு குறைந்தது என்பதே உண்மையான அளவு. அதை எந்த ஆட்சியும் இதுவரை கணக்காகக் காட்டவில்லை.

நீதி என்ற பண்பையும் இங்கே ஒதுக்கிவைக்க முடியாது. மது மீதான வரி, வாங்குபவரின் வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படுவதன்று. நாள் கூலியில் பாதியைக் கடையில் கொடுத்துவிட்டுப் போகும் தொழிலாளியின் வீட்டில், அந்த வரியைச் செலுத்துவது உண்மையில் அவரது மனைவியும் பிள்ளைகளுமே. அந்தப் பணத்தில்தான் நலத்திட்டங்கள் நடக்கின்றன என்ற வாதத்தைப் பல மேடைகளில் கேட்கிறோம். ஒரு வீட்டிலிருந்து மாதந்தோறும் எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியை அதே வீட்டுக்கு உதவித்தொகையாகத் திருப்பித் தருவதை அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுக்கும் நீதி என்று சொல்ல என் மனம் இசையவில்லை.

துணிவைப் பொறுத்தவரை, அது ஆள்வோரிடமிருந்து தெருவுக்கு இடம் மாறிவிட்டது. நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றுமாறு 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்படி அகற்றப்பட்ட கடைகளில் பலவற்றைக் குடியிருப்புகளுக்குள் திறக்க முயன்றபோது, அவற்றை எதிர்த்து வெயிலில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில், போராடிய பெண்ணொருவரைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரையே இழந்தார். அவர்கள் கேட்டது, அரசு தானே எழுதிவைத்த நெறியை மதிக்க வேண்டும் என்பதைத்தான்.

முழு மதுவிலக்கை நாளையே கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதாடவில்லை. அமெரிக்கா 1920 முதல் 1933 வரை அதை நடைமுறைப்படுத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கள்ளச்சந்தையும் கும்பல்களும் செழித்தன. 2016 முதல் மதுவிலக்கு நடைமுறையில் உள்ள பீகாரில் கள்ளச்சாராயச் சாவுகள் நின்றபாடில்லை. அரசுக் கடைகள் திறந்தே இருக்கும் நமது மாநிலத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். ஆக, கடையைத் திறந்துவைப்பதும் பாதுகாப்பு ஆகவில்லை, மூடுவது மட்டுமே தீர்வாகவும் ஆகவில்லை. சட்டத்தால் ஒருவரைக் குடிக்காமல் தடுத்துவைக்கலாம். அளவோடு இருப்பதில் மகிழ்ச்சி காண்பவராக அவரை மாற்றுவது பழக்கம், வேலை, வீடு, நட்பு, சிகிச்சை ஆகியவை சேர்ந்து பல ஆண்டுகளில் செய்யும் பணி. சேலத்தில் 1937-ல் மாற்றுத் தொழிலையும் சிக்கனச் சங்கத்தையும் பற்றி யோசித்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

அதனால்தான் முதல் அடியை அரசு தன்னிடமிருந்தே தொடங்க வேண்டும் என்கிறேன். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் மதுவின் பங்கு இப்போது எவ்வளவு, வரும் ஒவ்வோர் ஆண்டும் அது எவ்வளவு குறைக்கப்படும், அந்த இடைவெளியை எந்த வருவாய் நிரப்பும் என்பதை நிதிநிலை அறிக்கையிலேயே தனி அட்டவணையாக வெளியிட வேண்டும். விற்பனைக்கு இலக்கு வைத்து அலுவலர்களை விரட்டும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். குடியிலிருந்து மீள விரும்புகிறவர் நகரத்துக்கு அலையாமல், வட்ட மருத்துவமனையிலேயே சிகிச்சையும் ஆலோசனையும் பெற வழிசெய்து, அதற்கான தொகையை மது வருவாயிலிருந்தே முதற்கட்டமாக ஒதுக்க வேண்டும். கடை வேண்டாம் என்று கிராம சபை தீர்மானம் நிறைவேற்றினால், அந்தத் தீர்மானம் மாவட்ட ஆட்சியரைக் கட்டுப்படுத்தும்படி விதி வகுக்க வேண்டும். இவற்றில் எதற்கும் அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. மத்திய அரசின் அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்தல் நெருங்கும்போது எல்லாக் கட்சிகளும் மதுவைப் பற்றி ஏதேனும் வாக்குறுதி தருவது வழக்கமாகிவிட்டது. எத்தனை கடைகளை மூடுவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், இந்த வருவாயில் எத்தனை கோடியை எந்த ஆண்டுக்குள் விட்டுக்கொடுப்பீர்கள், அதற்கு ஈடாக எந்த வரியை யாரிடம் கேட்பீர்கள் என்று ஒவ்வொரு கட்சியிடமும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிட வேண்டுகிறேன். பதில் சொல்ல மறுப்பவர்களின் பெயரையும் சேர்த்தே வெளியிடலாம்.

இப்படிக்கு,
சேலம் மாவட்ட வாசகர் ஒருவர்